தேயிலையில் ஆரஞ்சு மணம்: கலக்கும்போதும் ஊற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரன் மலையில், ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தேயிலைப் பெட்டியின்மேல் ‘ஆரஞ்சு பெக்கோ’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, உள்ளே ஆரஞ்சுத் தோல் இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னமும் உண்டு. வீட்டுக்குப் போய்ப் பிரித்து மோந்தால் வெறும் தேயிலை வாசம்தான் வரும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஆரஞ்சு பெக்கோ என்பது கறுப்புத் தேயிலையின் இலைத் தரத்துக்கு வைத்த பெயர். பழத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அதே தரத்தில் உடைந்த இலை ‘பிஓபி’ (புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ), அதனினும் சிறியது ‘ஃபேனிங்ஸ்’, கடைசியில் மிஞ்சும் தூள் ‘டஸ்ட்’. ஒட்டுக்கடையில் தே தாரிக் (ஆற்றி ஊற்றும் பால் தேநீர்) போட எடுப்பது பெரும்பாலும் டஸ்ட்தான்.

மணம் வேண்டுமென்றால் பெட்டியைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். மலேசியாவின் 1985 உணவு ஒழுங்குமுறைகளின்படி எடையில் கூடுதலானது முதலில் வரும். முதலில் ‘தே ஹீத்தாம்’ (கறுப்புத் தேயிலை), அடுத்து ‘கூலிட் ஓரேன்’ (ஆரஞ்சுத் தோல்), கடைசியில் ‘பெரிசா’ (சுவையூட்டி) என்று இருக்கும். கடைசியில்தானே இருக்கிறது, துளியூண்டுதானே என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். மூக்கைத் துளைக்கிற வாசம் ஏறக்குறைய முழுவதும் அந்தக் கடைசிச் சொல்லிலிருந்துதான் வருகிறது. காய்ந்த தோல் துண்டுகள் கொஞ்சம் சுவை கொடுக்கும், கண்ணுக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். நீலப் பூவிதழ்கள் கிடந்தால் அதுவும் அழகுக்கே. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சங்குப்பூவை அள்ளிப் போடுகிறார்கள். கறுப்புத் தேநீரின் சாயத்தில் அந்த நீலம் தெரியப்போவதில்லை.

வாசம் எங்கே, புளிப்பு எங்கே, கசப்பு எங்கே

தேநீரில் எலுமிச்சையைப் பிழிந்தால் எலுமிச்சை மணத் தேநீர் ஆகிவிடும் என்ற நினைப்பே பல தவறுகளுக்கும் தாய். பழத்தில் மூன்று பகுதிகள் மூன்று வேலை செய்கின்றன. சாற்றில் இருப்பது சிட்ரிக் அமிலம், அதாவது புளிப்பு. மணம் இருப்பது தோலின் வெளிப்புறத்தில், ஊசி குத்தியதுபோலத் தெரியும் எண்ணெய்ப் பைகளில். இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக, பஞ்சுபோல இருப்பதில் கசப்பு. தம்புனிலிருந்து வரும் பம்ப்ளிமாஸில் இந்த வெள்ளை விரல் தடிமன் இருக்கும். அதன் கசப்புக்குப் பெயர் நரிஞ்சின். அந்தத் தோலை அப்படியே நறுக்கிக் காயவைத்துத் தேயிலையில் கலந்தால் கஷாயம்தான் கிடைக்கும்.

ஆகவே சீவும்போது நிறமுள்ள பகுதி மட்டும் வர வேண்டும். தோல் சீவியை மெதுவாக அழுத்தி நீளமாகச் சீவி, துண்டைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் வெள்ளை தெரிந்தால் கத்தியைப் படுக்கவைத்து வழித்தெடுக்க வேண்டும். சீனப் பெருநாள் சமயத்தில் பெட்டி பெட்டியாக வரும் மாண்டரின் ஆரஞ்சில் வெள்ளை மெலிது, அதனால் வேலை சுலபம். ஆனால் இறக்குமதிப் பழங்களுக்கு மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் பூசியிருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகுதான் சீவ வேண்டும். கழுவினால் எல்லாம் போய்விடும் என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்கொல்லையில் காய்த்த காய் கிடைக்கும்போது அதை விட்டுவிட்டுப் பளபளக்கும் பழத்தைத் தேடிப் போவானேன்?

லிமாவ் பூருட் (காஃபிர் எலுமிச்சை) இலையை நம் சமையலறைகளில் எல்லோருக்கும் தெரியும். அதன் மணம் பெரும்பாலும் சிட்ரோனெல்லால் என்ற ஒரே பொருளால் ஆனது. கொசுவிரட்டிக்குப் பயன்படும் செராய் வாஙி (சிட்ரோனெல்லா புல்) எண்ணெயிலும் அதுதான் இருக்கிறது. 100 கிராம் தேயிலைக்கு நடுநரம்பு நீக்கிய காய்ந்த இலை 1 கிராம் போதும். 3 கிராம் போனால் கோப்பையில் கொசுவிரட்டி வாடை. சமையல் செராயின் (எலுமிச்சைப் புல்) மணமோ சிட்ராலால் வருவது. எலுமிச்சைத் தோலின் வாசத்துக்கும் அதுவே முக்கியம். அதனால் செராய் போட்ட தேநீர் எலுமிச்சை போட்டதுபோலவே இருக்கும். புளிப்பு இல்லாததால் பாலும் திரியாது.

மலையில் தோல் காயாது

கேமரன் மலையில் காலையில் வெயில் அடிக்கும், மத்தியானம் மேகம் இறங்கும், சாயங்காலம் மழை. முறத்தில் பரப்பிய தோல் பாதி காய்ந்து பாதி ஈரமாக மூன்று நாள் கிடந்தால் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த துண்டை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கலப்பது தவறு. அந்தத் தட்டு முழுவதையும் கொட்டிவிட வேண்டும். கீழே தாப்பாவில் வெயில் உறைப்பாக இருந்தாலும் நேர்வெயிலில் எண்ணெய் ஆவியாகும், ஒளி பட்டு மணமும் கெடும்.

ஓவன் இருந்தால் 50 முதல் 60 டிகிரி. தோலை 2, 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஈரக்காற்று வெளியேற ஓவன் கதவை ஒரு கரண்டி வைத்துச் சற்றே திறந்துவிட்டு, 2 முதல் 3 மணி நேரம். அவசரப்பட்டு 120 டிகிரிக்கு ஏற்றினால் சர்க்கரை கருகி, மிட்டாய் தீய்ந்த வாடை ஒட்டிக்கொள்ளும். பதம் பார்க்க ஒரு துண்டை வளையுங்கள். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, ‘படக்’ என்று முறிந்தால் சரி. எடை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். நன்றாக ஆறின பிறகே போத்தலில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து அந்த ஈரம் தேயிலைக்கு இறங்கும்.

இத்தனை பாடு வேண்டாம் என்பவர்களுக்கு, சீன மருந்துக் கடையில் காய்ந்த மாண்டரின் தோல் கிடைக்கும். பழைய சரக்கில் ஆரஞ்சு வாசம் தூக்கலாக இராது; மண்ணும் மரமும் கலந்த ஒரு ஆழமான வாசம் வரும். கறுப்புத் தேயிலைக்கு அது பொருத்தமே. புதுப்பழ வாசத்தை அதில் எதிர்பார்த்தால்தான் ஏமாற்றம்.

எண்ணெய்: கை தாராளம் காட்டக் கூடாத இடம்

ஏர்ல் கிரே என்று விற்கப்படும் தேயிலையின் மணம் பர்கமோட் என்ற பழத்தின் தோல் எண்ணெய். புளிப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்த சாதி அது, பெரும்பாலும் இத்தாலியின் தெற்கு முனையில் கலாப்ரியாவில் விளைகிறது. பெயர் 1830 முதல் 1834 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த இரண்டாம் ஏர்ல் கிரேயுடையது. சீன அதிகாரி ஒருவர் அவருக்கு நன்றிக்கடனாக இந்தக் கலவையைக் கொடுத்தார் என்ற கதை பெட்டிகளில் சுற்றுகிறது. மனிதர் சீனாவுக்கே போனதில்லை.

அந்த எண்ணெயில் முக்கியமானவை லிமோனீன், லினலைல் அசிடேட், லினலூல். பின்னிரண்டும் சோப்பிலும் அத்தரிலும் நிறையப் பயன்படுகின்றன, கொலோன் தண்ணீருக்கே பர்கமோட்தான் அடிப்படை. அதனால்தான் அளவு மீறினால் ‘சோப்பு வாடை’ என்று நாக்கு உடனே சொல்லிவிடுகிறது. 100 கிராம் தேயிலைக்கு 10 சொட்டு, அதாவது சுமார் அரை மில்லி போட்டுத் தொடங்குங்கள். மணம் பத்தவில்லை என்றால் 15 வரை போகலாம். 20 சொட்டைத் தாண்டினால் தேயிலையின் சுவை செத்துவிடும்.

எண்ணெயை நேராகத் தேயிலைக் குவியலின்மேல் சொட்டினால், சொட்டு விழுந்த இலை ஊறிப்போய் மற்றவை வெறுமையாக நிற்கும். ஒரு கோப்பையில் சோப்பு, அடுத்த கோப்பையில் ஒன்றுமில்லை. முதலில் 6 கிராம் காய்ந்த தோலைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, அதன்மேல் எண்ணெயைச் சொட்டி, மூடிக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். தோல் எண்ணெயை உறிஞ்சியதும் தேயிலையை மூன்று தவணையாகச் சேர்த்துக் குலுக்க வேண்டும். பிறகு ஒரு வாரம், நாளுக்கு ஒருதரம் குலுக்கல். கலந்த அன்றே குடித்துப் பார்த்துவிட்டு ‘பத்தவில்லை’ என்று இன்னும் சொட்டுவதால் கெட்ட கலவைகளே அதிகம்.

மருந்தகத்தில் அரோமாதெராபிக்கு விற்கும் எண்ணெயைத் தேயிலையில் விடக் கூடாது. போத்தலில் உணவுக்கு உகந்தது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பர்கமோட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருளும் உண்டு. நாளுக்கு 4 லிட்டர்வரை ஏர்ல் கிரே குடித்த ஒருவருக்குத் தசைப்பிடிப்பும் பார்வைக் கோளாறும் வந்ததையும், சாதாரணக் கறுப்புத் தேநீருக்கு மாறியதும் அவை நின்றதையும் 2002-இல் லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்தது. இரண்டு மூன்று கோப்பை குடிப்பவர் இதை நினைத்து மிரள வேண்டியதில்லை.

அடுத்த தவறு அளவு ஒவ்வாமை. பொடித் தேயிலையில் விரல் நீளத் தோலைப் போட்டால், போத்தலை ஆட்ட ஆட்டத் தூள் அடியில் இறங்கித் தோல் மேலே வந்து நிற்கும். முதல் வாரம் தோல் தண்ணீர், கடைசி வாரம் வெறும் டஸ்ட். இலை எந்த அளவோ தோலும் அந்த அளவு இருக்க வேண்டும். இந்த வேலைக்கு பிஓபி ஏற்றது. டஸ்டின் கடுமையான சாயம் மணத்தை மூடிவிடுகிறது.

எதில் வைப்பது

தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். பர்கமோட்டை ஏற்றுக்கொள்ளும் அதே குணத்தால்தான் அலமாரியில் பக்கத்தில் இருக்கும் பெலாச்சானையும் (இறால் விழுது) நெத்திலியையும் ஏற்றுக்கொள்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் பை இதைத் தடுக்காது. போதாக்குறைக்கு லிமோனீன் பிளாஸ்டிக்குக்குள் ஊடுருவும், பாலிஸ்டைரீனைக் கரைக்கவே செய்யும். ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கி ஊதிய பலூன்மேல் தெறித்தால் பலூன் வெடிக்கிற வேடிக்கையைப் பிள்ளைகள் செய்வதும் இதனால்தான். இறுக்கமாக மூடும் கண்ணாடிப் போத்தல் அல்லது கழுவி நன்றாகக் காய்ந்த மைலோ டின் போதும், ஆனால் டின்னில் பழைய மைலோ வாசம் இருக்கக் கூடாது. பாதி காலியான போத்தலில் காற்று அதிகம். காற்றில் லிமோனீன் ஆக்சிகரணமாகி டர்பன்டைன் போன்ற வாடை அடிக்கும். தேயிலை குறையக் குறையச் சிறிய போத்தலுக்கு மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைக்கும் அளவுக்குக் கலக்க வேண்டாம்.

கோப்பையில் கெடுப்பது

தேயிலையை அடுப்பில் போட்டுக் கொதிக்கவிடுவது நம் வீட்டுப் பழக்கம். சாதாரணத் தூளுக்கு அது சரிதான். மணத் தேயிலையை அப்படிக் கொதிக்கவிட்டால் சமையலறை கமகமக்கும், கோப்பையில் ஒன்றும் இருக்காது. ஆற்றி ஆற்றி ஊற்றினாலும் இதே கதி. ஏர்ல் கிரேயில் தே தாரிக் போடுவது காசைக் காற்றில் விடுவது.

200 மில்லி தண்ணீருக்கு 2.5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊற்றியதும் மூடி வைக்க வேண்டும். மூடாமல் விட்டால் ஆவியோடு வாசம் கிளம்பிவிடும். பிஓபி என்றால் 3 முதல் 4 நிமிடம். இன்னொன்று: தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியை எட்டாது, 95-லேயே கொதித்துவிடும். கெண்டியைச் சூடுபடுத்தாமல் ஊற்றினால் சட்டென 85-க்கு இறங்கிச் சாயம் இறங்காது. முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு தேயிலை போட்டு அரை நிமிடம் கூடுதலாக வையுங்கள். கீழே ஈப்போவில் இருக்கும் உறவுக்காரருக்கு இதே கலவையைக் கொடுத்தால் அந்த அரை நிமிடத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

கலவை சரியா என்று சோதிக்க, தேயிலை ருசி பார்ப்பவர்கள் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 3103 அளவு உதவும்: 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். குடிக்க இது கடுமை. ஆனால் வெள்ளைத் தோலின் கசப்பும் எண்ணெய் மிகுதியும் ஒளிய முடியாது.

பால் விடலாமா என்றால், பர்கமோட் எண்ணெயிலோ காய்ந்த தோலிலோ திரிவதற்கான புளிப்பு இல்லை. விடலாம். கெட்டிப் பால் மட்டும் கொஞ்சமாக, ஏனென்றால் மண எண்ணெய் பாலின் கொழுப்பில் கரைந்து மூக்குக்கு எட்டாமல் அடங்கிவிடும். லிமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை) பிழிந்த தே ஓவில் (பால் விடாத தேநீர்) பாலே கூடாது. அமிலம் ஏறியதும் பாலின் புரதம் திரிதிரியாகப் பிரியும். எலுமிச்சை பிழிந்ததும் சாயம் வெளுப்பதைப் பார்த்துத் தேயிலை மட்டம் என்று இன்னும் தூள் போடுகிறவர்கள் உண்டு. புளிப்பு பட்டால் தேநீரின் நிறமிகள் வெளிறுவது இயல்பு. தூள் கூட்டினால் துவர்ப்புத்தான் கூடும்.

ஐஸ் தேநீருக்குப் போட்டதைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் கலங்கலாகப் பார்த்தால் கொட்டிவிடாதீர்கள். குளிரும்போது கஃபீனும் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்து படிகிற கலங்கல் அது. கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கினால் தெளிந்துவிடும், பிறகு ஐஸ் போட்டு உடனே குடிக்கலாம். லிமாவைக் கடைசியில் பிழிந்து, தோலின் ஒரு சீவலைக் கோப்பைக்கு மேல் முறுக்கிவிட்டால் எண்ணெய்த் தூறல் மேலே மிதக்கும்.