எட்டுக் கம்பி ஸ்டீல் கிட்டார்: ட்யூனிங் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தபோது வந்த பர்மா தேக்குச் சட்டங்கள் கிடைக்கும். நல்ல சட்டமாக ஒன்றை வாங்கி, கைத்திறன் உள்ள ஆசாரியிடம் கொடுத்தால் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாருக்கு உடல் தயார். ஃபிரெட் அடிக்க வேண்டாம், கழுத்தை உருட்டிச் செதுக்க வேண்டாம். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் பாகம்), நட், பிரிட்ஜ் (கம்பியை இரு முனையிலும் தாங்குபவை) மட்டும் வெளியில் வாங்க வேண்டும். அப்போதுதான் அந்த ஆசை வரும்: ஆறு கம்பியோடு ஏன் நிறுத்த வேண்டும், எட்டாகவே போட்டுவிடலாமே? ஆசாரியும் “ரெண்டு பிரடைதானேண்ணே கூட, போட்ருவோம்” என்பார் (பிரடை என்பது கம்பியை முறுக்கும் முளை). மரவேலையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. அந்த இரண்டு கம்பிக்கும் என்ன சுரம் வைப்பது என்ற கேள்விக்குப் பதில் ஆசாரியிடம் இல்லை.

முதல் தவறு, பெடல் ஸ்டீல் கிட்டாரின் (காலால் மிதித்துக் கம்பியின் சுரத்தை மாற்றும் கருவி) ட்யூனிங்கை அப்படியே எடுத்து பெடல் இல்லாத கிட்டாரில் கட்டுவது. யூடியூபில் அழுதுகொண்டே பாடுவது போல ஒரு ஸ்டீல் கேட்கும். கீழே ஈ-9 என்று ஒரு பத்துக் கம்பி ட்யூனிங்கின் பெயர் போட்டிருக்கும். உடனே பத்துக் கம்பி வாங்கிவிடுவோம். ஈ-9 ட்யூனிங்கில் மேலே இருக்கும் இரண்டு கம்பிகள் (எஃப் ஷார்ப், டி ஷார்ப்) வரிசைப்படி இல்லாமல், மூன்றாவது கம்பியைவிடத் தாழ்ந்த சுரத்தில் இருக்கும். அதோடு, அந்தக் கருவியில் ஒரு பெடல் பி-யை சி ஷார்ப்பாக ஏற்றும், இன்னொன்று ஜி ஷார்ப்பை ஏ-வாக ஏற்றும். அந்த அழுகை அங்கேதான் பிறக்கிறது. பெடல் இல்லாவிட்டால் ஈ மேஜருக்குத் துணையான சி ஷார்ப் மைனர்கூட இருந்த இடத்தில் கிடைக்காது. பத்துக் கம்பியின் சுமை மட்டும்தான் மிஞ்சும். பெடலுக்காக யோசித்த ட்யூனிங் பெடலோடு இருக்கட்டும்.

பெடல் பரவலாகும் முன் அமெரிக்காவில் வாசித்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் நமக்குப் பாதை தெரியும். ஒரே பெட்டியில் இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு கழுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ட்யூனிங் கட்டினார்கள். ஃபெண்டரின் ஸ்ட்ரிங்மாஸ்டர் அப்படி வந்த எட்டுக் கம்பிக் கருவிதான். எல்லாப் பாட்டுக்கும் ஒரே ட்யூனிங் போதாது என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எட்டுக் கம்பியில் எல்லாமே வந்துவிடும் என்று நினைப்பதை இரண்டாவது தவறாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் கூடுதல் கம்பி எதற்கு? இதற்கு என் பதில் ஒன்றுதான். ஆறு கம்பியில் ஸ்டீல் பார் (ஃபிரெட்டுக்குப் பதிலாகக் கம்பிகள்மேல் வைத்து நகர்த்தும் உருக்குத் துண்டு) எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கம்பி. பார் நேர்கோடு. எந்தச் சுரங்களைக் கட்டியிருக்கிறோமோ அவற்றின் இடைவெளியை மாற்றாமல் மேலும் கீழும் நகர்த்த மட்டுமே அதனால் முடியும். வேறு இடைவெளி வேண்டுமென்றால் பாரைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் இரண்டு, மூன்று கம்பிகளில்தான் சுருதி சரியாக நிற்கும். ஆகவே, எந்தக் கார்டுக்காக (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுக்காக) அடிக்கடி சாய்க்கிறீர்கள் என்று முதலில் கவனியுங்கள்.

பலர் தொடங்கும் சி-6 ட்யூனிங்கையே எடுத்துக்கொள்வோம். தாழ்ந்த சுரத்திலிருந்து மேலே சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. நம் கணக்கில் ஒரு கட்டை சுருதிக்கு (சி-யே சட்ஜம்) ச, க, ப, த, ச, க. சி மேஜர் இருக்கிறது. ஏ மைனரும் அதே இடத்தில் இருக்கிறது. நடபைரவி சாயலில் போகும் சினிமாப் பாட்டுக்கெல்லாம் இது மிக வசதி. இல்லாதது செவன்த் கார்டு. அந்தக் கார்டின் இழுவையைக் கொடுக்கும் இடைவெளி (சட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள தூரம்) இந்த நான்கு சுரங்களில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் வராது.

எட்டுக் கம்பி போடுகிறவர்களில் பலர் இதைக் கவனிக்காமல், இருப்பதையே மேலும் கீழும் நீட்டி ஏ, சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ, ஜி என்று கட்டிவிடுகிறார்கள். நாதம் நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக ஒரு கார்டும் வரவில்லை. பழைய கார்டுகளே இன்னொரு ஸ்தாயியில் வந்திருக்கின்றன. அதே எட்டில், கீழே இருக்கும் சி-யை மட்டும் அரைச் சுரம் ஏற்றி சி ஷார்ப் ஆக்கிப் பாருங்கள். ஏ, சி ஷார்ப், ஈ, ஜி நான்கும் சேர்ந்து ஏ-செவன்த். இப்போது 12-ஆம் ஃபிரெட் கோட்டில் சி மேஜர் வாசித்துவிட்டு, இரண்டு கோடு இறங்கி 10-இல் கீழ்க் கம்பிகளைத் தொட்டால் ஜி-செவன்த், 8-இல் எஃப்-செவன்த். சாய்க்கவே வேண்டாம். ஒரே ஒரு கம்பியின் அரைச் சுரம் செய்த வேலை இது. இதற்கு விலையும் உண்டு: கீழே சி ஷார்ப், மேலே சி என்று இருப்பதால் எட்டையும் சேர்த்து ஒரே வீச்சில் வருட முடியாது. தேவையில்லாத கம்பியைக் கையால் அடக்கும் பழக்கம் வேண்டும். ஆறு கம்பி கிட்டாரில் வருடிப் பழகியவர்களுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அப்புறம், மேலே ஜி சேர்ப்பது பற்றி. அதைச் சேர்த்தால் நேற்று வரை முதல் கம்பியாக இருந்த ஈ இன்று இரண்டாவது. விரலுக்குப் பழகிய அத்தனை வாசிப்பும் ஒரு கம்பி தள்ளிப் போகும். குழுவோடு மேடை ஏறுகிறவர் திருவிழா நேரத்தில் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம். முதலில் கீழே இரண்டைச் சேர்த்து, பழைய ஆறையும் தொடாமல் விட்டால் கை குழம்பாது.

இனி கம்பி அறுவது. இதில் ஒரு பிடிவாதமான தவறான நம்பிக்கை இருக்கிறது: மேல் ஜி அறுகிறதா, இன்னும் மெல்லிய கம்பி போடு, அறாது என்று. மெல்லிய கம்பியில் இழுவிசை குறையும், உண்மைதான். அந்த அளவுக்கு அதன் தாங்கும் சக்தியும் குறைந்துவிடும். வெறும் உருக்குக் கம்பி எந்தச் சுரத்தில் அறும் என்பதை ஏறக்குறைய முழுக்கத் தீர்மானிப்பது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையிலான நீளம். 22½ அங்குல நீளத்தில் அறும் எல்லை நடு ஸ்தாயி ஏ-வைத் தாண்டி பி-க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜி-க்கு நிறைய இடம் உண்டு. 26 அங்குலத்தில் அந்த எல்லை ஏ-வுக்கே இறங்கிவிடும். ஜி நிற்கும், ஆனால் விளிம்பில் நிற்கும். பிரிட்ஜில் ஒரு சின்னப் பிசிறு போதும், அறுந்துவிடும். ஆகவே தேக்குச் சட்டம் நீளமாக இருக்கிறதே என்று கழுத்தையும் நீட்டாதீர்கள். எந்த ட்யூனிங் என்று முடிவு செய்துவிட்டு ஆசாரியிடம் அளவு சொல்லுங்கள். நீளம் குறைந்தால் பாரைச் சாய்ப்பதும் எளிது.

22½ அங்குலத்துக்கு, மேலே சொன்ன ஏ-செவன்த் சேர்ந்த சி-6 ட்யூனிங்கில், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், மேலிருந்து கீழே 12, 15, 18, 22 வெறும் கம்பி. 26, 32, 38, 48 சுற்றுக் கம்பி. இதில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 கிலோ விசையில் இழுக்கும். எட்டும் சேர்ந்தால் நூறு கிலோவை நெருங்கும். ஆறு கம்பிக்குச் செய்த பழைய ஹவாயன் கிட்டாரில், அதுவும் உள்ளே வெற்றிடமான பெட்டியில், இரண்டு பிரடையைத் துளைத்துச் சேர்க்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். கல்யாணத்தில் நாதஸ்வரத்தோடு சேர வேண்டும் என்று மொத்த ட்யூனிங்கையும் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு ஏற்றினால் இழுவிசை கால் பங்குக்கும் சற்றுக் கூடும். அதற்குப் பாரை இரண்டு கோடு மேலே வைத்துவிட்டுப் போகலாமே.

ட்யூனர் செயலியை நம்பி எல்லாக் கம்பியையும் நடு முள்ளில் நிறுத்துவது இன்னொரு தவறு. செயலி காட்டுவது கீபோர்டின் சமப் பகிர்வுச் சுருதி. தனியாக வாசித்தால் அந்த காந்தாரம் உங்கள் காதுக்கே கூர்மையாகப் படும். சி-யைச் சரியாக வைத்து, ஈ-யை 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைத்து, ஏ-வை 16 சென்ட் குறைத்து, ஜி-யை 2 சென்ட் கூட்டினால் சி மேஜரும் ஏ மைனரும் ஒரு சேரப் படியும். சி ஷார்ப்பை 30 சென்ட் வரை குறைக்க வேண்டியிருக்கும். கீபோர்டோடு வாசிக்கும்போது இதில் பாதி அளவு போதும்.

இதுவரை கணக்கு நேராக வருகிறது. அடுத்துச் சிலர் ஒரு டி கம்பியைச் சேர்ப்பார்கள். ச, ரி, க, ப, த என்று மோகனமே திறந்த கம்பியில் வந்துவிட்டது என்று மகிழ்ச்சியாக இருக்கும். அங்கேதான் சிக்கல். டி-யை ஜி-யோடு சுத்தமாகச் சேர்த்தால் ஏ-வோடு சேராது. ஏ-வோடு சேர்த்தால் ஜி-யோடு சேராது. ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் இடையே ச–ப உறவு இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 22 சென்ட் இடிக்கும். காது சரியில்லை என்றோ கம்பி சரியில்லை என்றோ நினைத்து மணிக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு திருகினாலும் தீராது. அந்தச் சுரங்களின் விகிதமே அப்படி. அந்த டி உங்களுக்கு ஜி கார்டுக்கு வேண்டுமா, டி மைனருக்கு வேண்டுமா என்று முடிவு செய்து ஒரு பக்கம் சாய்த்துவிடுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் நடுவில் நிறுத்தி, இரண்டிலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். என்னைக் கேட்டால், எட்டுக் கம்பியில் டி-க்கு இடமே கொடுக்க மாட்டேன்.

மோகனம் திறந்த கம்பியில் வருகிறது என்பதால் அது ராகத்துக்கு ஏற்ற ட்யூனிங் என்று எண்ணுவதும் கூடாது. கமகம் ஒரே கம்பியில் இழுத்துத்தான் வரும். பக்கத்துக் கம்பியில் அடுத்த சுரம் காத்திருந்தால் கை அங்கே தாவும், இழுவை போய்விடும். வீணைச் சகோதரர்களான சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் பெயர் வாங்கித் தந்த ஊர் காரைக்குடி. அந்த வீணையில் ஏழு தந்தி. வாசிக்கும் நான்கும் தாளத்துக்கான மூன்றும் சட்ஜத்திலும் பஞ்சமத்திலும்தான் நிற்கின்றன. ஃபிரெட் இல்லாமல், தந்திமேல் நகர்த்தும் கட்டையால் வாசிக்கும் சித்ரவீணையிலும் முக்கியத் தந்திகள் ச–ப சுருதிதான். விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையில் மெட்டு வாசிக்க மூன்றே தந்தி. மற்றவை ஆதார சுருதிக்கும் எதிரொலிக்கும்.

ஆகவே கீர்த்தனை வாசிக்கத்தான் எட்டுக் கம்பி என்றால், சி-6 ட்யூனிங்கை மறந்துவிடலாம். ஐந்து கம்பியை ச, ப என்று மாறி மாறி அகலமாகக் கட்டி, மீதி மூன்றைத் தாளத் தந்தியாக ஓரத்தில், பார் தொடாதபடி சற்றுத் தாழ்வாகத் தனிக் குதிரையில் (பிரிட்ஜில்) ஏற்றச் சொல்லுங்கள். பாடகரோடு சேர்ந்து வாசிப்பதானால் மூன்றையும் அவருடைய கட்டைக்கே சேர்க்க வேண்டும். பாரை நகர்த்திச் சமாளிக்கும் வழி அந்தக் கம்பிகளுக்குக் கிடையாது. ஒரு கட்டைக்காரருக்கும் ஐந்து கட்டைக்காரருக்கும் ஒரே கம்பி சரிவராது என்பதால், அந்த மூன்றுக்கு மட்டும் இரண்டு தடிமனில் கம்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.