பால் மறக்கடிச்ச குட்டிக்கு கழிச்சல் வராம இருக்க முதல் ரெண்டு நாள் என்ன செய்யணும்

பன்றிக்குட்டிய தாய்கிட்ட இருந்து பிரிச்ச நாலாம் நாள் அஞ்சாம் நாள் தண்ணியா கழிய ஆரம்பிச்சதும் எல்லாரும் என்ன மருந்து போடலாம்னுதான் கேக்கறாங்க. நான் திருப்பி கேக்கறது ஒண்ணுதான், பிரிச்ச முதல் ரெண்டு நாள் அது எவ்வளவு சாப்பிட்டுச்சு? நிறைய பேருக்கு தெரியறதில்ல, தொட்டில தீவனம் கிடந்துச்சு, தின்னிருக்கும்னு விட்டுடறாங்க.

மணிக்கு ஒரு தடவை சூடா பால் குடிச்சுட்டு இருந்த குட்டிக்கு தாயும் இல்ல, பாலும் இல்ல, புது இடம், முகம் தெரியாத குட்டிங்க, காய்ஞ்ச தீவனம்னு எல்லாம் ஒரே நாள்ல வந்தா மிரண்டு போய் படுத்துக்கும், சிலது 2 நாள் வரைக்கும் வாயே வைக்காது. குடலுக்குள்ள சத்த உறிஞ்ச விரல் மாதிரி நீட்டிட்டு இருக்கற குடலுறிஞ்சிங்க, உள்ள தீனி வரலன்னா ரெண்டு மூணு நாள்லயே குட்டையாயிடும். அப்புறம் பசி தாங்காம ஒரேயடியா மொக்கும்போது அது செரிக்காம பின்குடலுக்கு போய் ஈ.கோலை கிருமிக்குத்தான் தீனியாகுது. இந்த வயசுல வயித்துல அமிலமும் கம்மியாதான் சுரக்கும், பால் குடிச்ச வரைக்கும் அதுல இருக்கற லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரை லாக்டிக் அமிலமா மாறி அத ஈடுகட்டிட்டு இருந்துச்சு, தாய்ப்பால்ல கிடைச்ச எதிர்ப்பு சக்தியும் பிரிச்ச அன்னிக்கே நின்னு போகுது. ஸ்ட்ரெஸ்ல கார்ட்டிசால்ங்கற ஹார்மோன் ஏறி குடல் சுவரோட கட்டுக்கோப்பு தளர்ந்து கிருமியோட நஞ்சு உள்ள கசியும், அதனால பயம் வேற வயிறு வேறன்னு பிரிச்சு பாக்கவே கூடாது.

21 நாளுக்கு முன்னாடி பிரிக்காதீங்க, 28 நாள் வரைக்கும் விட முடிஞ்சா இன்னும் நல்லது. பிறந்த 10 நாள்லயே க்ரீப் தீவனம், அதாவது பால் குடிக்கற வயசுலயே குட்டிக்குன்னு வைக்கற தீவனம், கொஞ்சமா வைங்க, தினமும் பழச அள்ளிட்டு புதுசு வைங்க. பிரிச்சப்புறமும் ஒரு வாரம் அதே தீவனம்தான்.

பிரிக்கற அன்னிக்கு முடிஞ்சா தாயத்தான் வெளிய கொண்டு போகணும், குட்டிங்க அதே இடத்துல சில நாள் இருக்கட்டும். ஒரு தடவை மூணு ஈத்து குட்டிங்கள ஒண்ணா விட்டுட்டேன், மறுநாள் காலைல பாத்தா காது கழுத்தெல்லாம் கடிச்ச காயம், ஒண்ணும் சாப்பிடல, அதுல இருந்து கலக்கறதே இல்ல. ஊசி, காயடிக்கறது எதையும் அன்னிக்கு வெச்சுக்காதீங்க.

முதல் வாரம் குட்டி படுக்கற உயரத்துல 28-30 டிகிரி சூடு வேணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கிடந்தா குளிருதுன்னு அர்த்தம், ஆளுக்கொரு மூலையா சிதறி மூச்சு வாங்கினா சூடு ஜாஸ்தி, பக்கத்துல பக்கத்துல கால நீட்டி படுத்திருந்தா சரியா இருக்கு.

கஞ்சிதான் எனக்கு ரொம்ப முக்கியம். ஒரு பங்கு தீவனம், ரெண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணி, கரைச்சு நீளமான தட்டுல ஊத்துங்க, தாய்கிட்ட எல்லாம் ஒரே நேரத்துல வரிசையா குடிச்சு பழகினதுங்க, அதனால எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல தலை நுழைய இடம் இருக்கணும். ஒரு நாளைக்கு 4-5 தடவை, அரை மணி நேரத்துல காலியாகற அளவு மட்டும், மிச்சத்த புளிக்க விடாம கழுவிடுங்க. அப்புறம் அஞ்சாறு நாள்ல தண்ணிய குறைச்சுட்டே வந்து காய்ஞ்ச தீவனத்துக்கு மாத்துங்க. புரதம் ஏத்தினா வேகமா வளரும்னு நினைக்காதீங்க, செரிக்காத புரதம்தான் கழிச்சலுக்கு வழி, 18-19 சதவீதத்தோட நிறுத்தி லைசின் மாதிரி அமினோ அமிலம் சேத்துக்கலாம், சோயாவ மெதுவா ஏத்துங்க.

குட்டி தண்ணி குடிக்கற நிப்பிள் குழாய்ல நிமிஷத்துக்கு அரை லிட்டராவது தண்ணி வரணும், ஒரு பாத்திரம் பிடிச்சு பாத்துடுங்க. முதல் நாள் தட்டுலயும் தண்ணி வைங்க, நிப்பிள் எங்க இருக்குன்னே சிலதுக்கு தெரியாது.

சாயங்காலம் ஒவ்வொரு குட்டியா தூக்கி வயித்த தடவி பாருங்க. தின்ன குட்டிக்கு உருண்டு கெட்டியா இருக்கும், தின்னாததுக்கு விலாவுக்கு பின்னாடி ரெண்டு பக்கமும் குழி விழுந்திருக்கும், அத சாயத்தால அடையாளம் வெச்சு தனியா கஞ்சி காட்டுங்க, வாயோரத்துல கொஞ்சம் தடவினா நக்கி பழகிக்கும்.

அப்படியும் கழிஞ்சா அந்த குட்டிய சூடான இடத்துல தனியா வெச்சு எலக்ட்ரோலைட் தண்ணி (உப்புச்சத்து கலந்த தண்ணி) குடுங்க, உயிர் போறது நீர் வத்திதான். ஆன்டிபயாடிக் நீங்களா போடாதீங்க, டாக்டர்கிட்ட சாம்பிள் குடுத்து எது கேக்கும்னு பாத்து போடணும். கழிச்சல தடுக்கன்னு தீவனத்துல துத்தநாக ஆக்சைடு டோஸ் ஏத்தி போடறதும் வேண்டாம், சாணி வழியா மண்ணுல சேருது, மருந்துக்கு அடங்காத கிருமியும் பெருகுதுன்னு ஐரோப்பிய யூனியன் 2022லயே மருந்தளவுல குடுக்கறத நிறுத்திடுச்சு. கூட்டத்துலயே கொழுகொழுன்னு இருக்கற குட்டி திடீர்னு கண் இமை வீங்கி தள்ளாடினா அது ஈ.கோலை நஞ்சால உடம்புல நீர் கோத்து வீங்கற எடிமா நோயா இருக்கலாம், கழிச்சலே இல்லாம கூட வரும், காலைல பாத்துக்கலாம்னு விடாம அப்பவே டாக்டர கூப்பிடுங்க.