கீபோர்டு எடுக்கவில்லை என்றதும் ஃபார்மட் போடும் தம்பிகளுக்கு

போன வாரம் கடைக்கு ஒரு டெஸ்க்டாப் வந்தது. கீபோர்டும் எடுக்கவில்லை, மவுஸும் எடுக்கவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் கேபினட்டின் பக்க மூடியைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் விண்டோஸ் பென் டிரைவைக் கையில் எடுத்துவிட்டான். "டிரைவர் போயிருக்கும்ணே, அடிச்சு ஏத்திரலாம்." எனக்குச் சுருக்கென்றது. 2011-இல் இதே வார்த்தையை இதே தோரணையில் சொன்னவன் நான்.

ஒயரைப் பிடுங்கிச் செருகு, வேறு போர்ட்டில் மாட்டு, வயர்லெஸ் மவுஸுக்கு செல் மாற்று என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வருகிறார்கள். அதற்குப் பிறகு நடக்கும் தப்புகள்தான் இங்கே.

காரணம் தெரியாமல் ஃபார்மட் போடுவது

அந்த 2011 வைகாசி முகூர்த்த நேரம். கல்யாணப் பத்திரிகை வேலை செய்யும் ஒரு டிடிபி சென்டர். "தம்பி, காலையில இருந்து எலியும் ஓடல, கீபோர்டும் பேசல. சாயங்காலம் மூணு பத்திரிகை குடுக்கணும்" என்றார் அண்ணாச்சி. எக்ஸ்பி மெஷின். இருந்த கீபோர்டு, மவுஸ் இரண்டுமே யுஎஸ்பி. கடையிலிருந்து ஒரு பழைய பிஎஸ்/2 (வட்டப் பின்) கீபோர்டைக் கொண்டுபோய், பின்னால் இருக்கும் ஊதா நிற வட்டச் சாக்கெட்டில் மாட்டி ஆன் செய்தேன். எடுத்தது. உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன்: மதர்போர்டு நன்றாக இருக்கிறது, யுஎஸ்பி டிரைவர்தான் போய்விட்டது, விண்டோஸை மாற்றினால் சரியாகிவிடும்.

ஃபைல் எல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டேனா? கேட்டேன். "எல்லாம் உள்ளதான் தம்பி இருக்கு" என்றார். டி டிரைவுக்குள் என்று நானாக எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது டெஸ்க்டாப்பை. சி டிரைவை அழித்து எக்ஸ்பியை ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரம். புது விண்டோஸ் பளிச்சென்று வந்தது. யுஎஸ்பி கீபோர்டை மாட்டினேன். விளக்கு எரியவில்லை.

அதற்குப் பிறகுதான் டார்ச்சை எடுத்தேன். முன்பக்கம் பென் டிரைவ் செருகும் போர்ட்டுக்குள் பார்த்தால், நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, பின்கள் வளைந்து, சுற்றியுள்ள தகர உறையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. யாரோ பென் டிரைவைத் தலைகீழாக வைத்து அழுத்தியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். யுஎஸ்பி போர்ட்டில் 5 வோல்ட் ஓடுகிறது. 2.0 போர்ட் ஒன்று 500 மில்லி ஆம்பியர் வரை தரும். அது ஷார்ட் ஆனால் போர்டு எரியாமல் இருக்க, வழியில் ஒரு பாலிஃபியூஸ், அதாவது சூடேறினால் மறித்து, ஆறினால் திரும்ப விடும் ஃபியூஸ், வைத்திருப்பார்கள். பல போர்டுகளில் இரண்டு மூன்று போர்ட்டுகளுக்குச் சேர்த்து ஒரே ஃபியூஸ்தான். முன்பக்கம் ஷார்ட் ஆனதும் அது சூடேறிக் கரண்டை மறித்துவிட, அதே லைனில் இருந்த கீபோர்டும் மவுஸும் சேர்ந்து படுத்துவிட்டன. பிஎஸ்/2 வேறொரு சிப் வழியாகப் போவதால் என் பழைய கீபோர்டு மட்டும் ஓடியது. அதை வைத்துத்தான் நான் போர்டுக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

முன்பக்க போர்ட்டிலிருந்து மதர்போர்டுக்கு வரும் 9 பின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, மெயின் பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டேன். திரும்ப ஆன் செய்ததும் கீபோர்டு விளக்கு எரிந்தது.

போன ஃபைல்கள் முழுதாக வரவில்லை. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டதில் பெயரில்லாத கோரல்டிரா ஃபைல்கள் கொஞ்சம் கிடைத்தன, பாதி திறக்கவே இல்லை. அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும். அந்த முகூர்த்தம் முடியும்வரை ராத்திரி கண்விழித்து, பழைய பத்திரிகைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மறுபடி டைப் அடித்தார். பெண்ணழைப்பு நேரம், தாய்மாமன் பெயர் எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து நான் சரிபார்த்தேன்.

இப்போது பையன்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: பயாஸில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன்னால் போர்டே காட்டும் அமைப்புத் திரையில், எடுக்கிறதா? ஆன் செய்தவுடன் டெல் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளே போய் அம்புக்குறி நகர்ந்தால் கீபோர்டும் போர்ட்டும் உயிரோடு இருக்கின்றன, குறை விண்டோஸ் பக்கம். நகரவில்லை என்றால் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, அதை அழித்து என்ன ஆகப்போகிறது? பயாஸில் ஃபாஸ்ட் பூட் போட்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். சில போர்டுகள் அப்போது யுஎஸ்பியை எழுப்பாமலே தாண்டிப் போய்விடும்.

பயாஸிலும் எடுக்காவிட்டால் பிரிண்டர், ஸ்கேனர், ஹப், முன்பக்க கனெக்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி, சில நிமிடம் ஆற விடுங்கள். ஷட்டவுன் செய்தால் போதாது. மெஷின் அணைந்திருந்தாலும் கேபினட்டுக்குள் இருக்கும் பவர் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கொடுத்துக்கொண்டே இருக்கும், பல போர்டுகளில் அது யுஎஸ்பிக்கும் போகும், ஃபியூஸ் ஆறாது. ரீஸ்டார்ட்டுக்கு மசியாத மெஷின் பிளக்கைப் பிடுங்கினால் சரியாவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். பிறகு கீபோர்டை மட்டும் பின்பக்கக் கறுப்பு போர்ட்டில் மாட்டுங்கள். எடுத்தால், கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே வாருங்கள். குற்றவாளி தானாக மாட்டும்.

விண்டோஸ் பக்கம்தான் குறை என்று உறுதியானாலும் உடனே ஃபார்மட்டுக்குப் போக வேண்டியதில்லை. லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்தால் கீபோர்டும் மவுஸும் அங்கே வேலை செய்யும். முதலில் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். எதை மாற்றினீர்கள் என்று உரியவரிடம் காட்டிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

ரெக்கவரி திரையை நம்பி போர்டைக் கொன்றுவிடுவது

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11-க்கு வந்த கேபி5066835 அப்டேட்டில் ஒரு கூத்து. லாகின் திரையில் கீபோர்டு, மவுஸ் ஜோராக ஓடும், விண்டோஸை ரிப்பேர் செய்யும் ரெக்கவரி திரைக்குப் போனால் இரண்டும் மரம்போல் நிற்கும். ரிப்பேர் செய்ய வேண்டிய இடத்திலேயே கை கட்டிப் போட்டதுபோல. ஆறு நாள் கழித்து, 20-ஆம் தேதி, கேபி5070773 என்று மருந்து வந்தது. அந்த இடைவெளியில் தெரிந்த பையன் ஒருவன் நல்ல மதர்போர்டுக்கு "யுஎஸ்பி டெட்" என்று ஸ்டிக்கர் ஒட்டி மூலையில் வைத்துவிட்டான். ரெக்கவரி திரையும் ஒரு குட்டி விண்டோஸ்தான், அங்கே எடுக்காவிட்டாலும் பயாஸைப் பார்க்க வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி கன்ட்ரோலர்களை வரிசையாக அன்இன்ஸ்டால் செய்வது

மவுஸ் தொங்கும் கிளையையே வெட்டுகிறீர்கள். இரண்டாவது கிளிக்குக்கு மவுஸ் இருக்காது.

அப்படி மாட்டிக்கொண்டால் பவர் பட்டனை ஒருமுறை லேசாக அழுத்துங்கள், பெரும்பாலும் ஒழுங்காக ஷட்டவுன் ஆகும். ஆனால் விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால், ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் விண்டோஸின் மையமான கெர்னலின் பழைய நிலையையே திரும்ப எடுத்துக்கொண்டு வரலாம். அப்போதும் எடுக்கவில்லை என்றால், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதுதான் வழி. அடுத்த முறை முதலிலிருந்து எழுந்து கன்ட்ரோலர்களைத் தேடிப் பிடிக்கும்.

டிவிடி டிரைவ் வைத்தியத்தைக் கீபோர்டுக்குச் செய்வது

டிவிடி டிரைவ் காணாமல் போனால் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகள் இரண்டையும் அழி என்று பழைய வைத்தியம் ஒன்று உண்டு. அதை ரெஜிஸ்ட்ரியின் கீபோர்டு பிரிவில் (கிளாஸ்) செய்தால் எந்தக் கீபோர்டை மாட்டினாலும் எடுக்காது. அங்கே அப்பர்ஃபில்டர்ஸில் கேபிடிகிளாஸ் (kbdclass) கட்டாயம் இருக்க வேண்டும், மவுஸ் கிளாஸில் மவ்கிளாஸ் (mouclass). அன்இன்ஸ்டால் செய்த ஏதாவது சாஃப்ட்வேர் விட்டுப்போன பெயர் கூடவே நின்றால் அதை மட்டும் எடுங்கள். ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? மவுஸ் ஓடினால் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து கேபிடிகிளாஸைத் திரும்ப அடித்து ரீஸ்டார்ட் செய்யலாம். லாகின் திரையின் வலது கீழ் மூலையிலும் அது கிடைக்கும்.

சிமாஸ் பேட்டரியைப் பிடுங்குவது

பயாஸ் அமைப்பைக் காப்பாற்றி வைக்கும் சின்ன பேட்டரி இது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள். பயாஸ் அமைப்பு மாறினால் 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கலாம். அது முக்கால்வாசிப் பேருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் மறந்திருக்கும்.

ஓடும் மெஷினில் பிஎஸ்/2-ஐப் பிடுங்கிச் செருகுவது

அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஃபில்டர் கீஸ்

மவுஸ் ஓடுகிறது, கீபோர்டு மட்டும் செத்ததுபோல் இருக்கிறதா? சட்டென்று தட்டும் கீயைக் கண்டுகொள்ளாமல் விடும் விண்டோஸ் வசதி இது. வலது ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்தினால் ஆன் ஆகும். குழந்தைகள் கை வைக்கும் வீட்டில் இதற்காகவே புதுக் கீபோர்டு வாங்கியவர்கள் உண்டு. மறுபடி எட்டு விநாடி அழுத்திப் பாருங்கள்.

வயர்லெஸ் டாங்கிளை நீல போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகுவது

நீல போர்ட் என்பது யுஎஸ்பி 3.0. அது ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும், வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரான டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஓடும்போது மட்டும் மவுஸ் திக்கினால், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேஜைமேல் கொண்டுவந்து வையுங்கள்.