ஒரு இன்ச் ஃபோமும் என் ₹31,000-மும்

போன மாதம் என்னோடு வேலை பார்ப்பவரின் தம்பி வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பியிருந்தார். வேளச்சேரியில் புது ஃபிளாட் வாங்கி, ஒரு பெட்ரூமைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். நான்கு சுவரிலும், தரையிலிருந்து கூரை வரை, கறுப்பும் சிவப்பும் மாறி மாறிச் சதுரங்கப் பலகை மாதிரி பிரமிட் ஃபோம், எதிரொலியைக் குறைக்க ஒட்டும் பஞ்சு. கீழே "எப்படிண்ணா இருக்கு?" என்று கேள்வி. என்ன பதில் போடுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் அறையும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. சிவப்புக்குப் பதிலாக நீலம், அவ்வளவுதான்.

முட்டை அட்டை ஒட்டாதீர்கள், ஒலியை உறிஞ்சும் பேனல் மாட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவது நிற்காது என்பதெல்லாம் ஊரறிந்த சேதி. அவற்றை விட்டுவிட்டு, பாட்டுக் கேட்கும் அறையில் செய்யக் கூடாத மற்றத் தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சுவரெல்லாம் ஒரு இன்ச் ஃபோம்

என் அறை 10 அடிக்கு 12 அடி. உயரமும் 10 அடி. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ். நடுவில் நின்று கை தட்டினால் 'டிரிங்' என்று ஒரு உலோகச் சத்தம் இரண்டு சுவருக்கும் இடையே ஓடும். ஃபோம் கடைக்காரர் வந்து பார்த்தார், தானும் ஒருமுறை தட்டினார், சதுர அடிக் கணக்கில் விலை சொன்னார். "முழுசா ஒட்டிட்டா ஸ்டூடியோ மாதிரி ஆயிடும் சார்." ஃபோம், பசை, கூலி எல்லாம் சேர்ந்து ₹31,000.

ஒட்டி முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டினால் சத்தம் செத்து விழுகிறது. பேசினால் வாயில் துணியை அடைத்த மாதிரி இருக்கிறது. இதுதான் வெற்றி என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டேன். வயலினில் வில் உரசும் அந்த மெல்லிய சரசரப்பு காணாமல் போயிருந்தது. மிருதங்கத்தில் வலந்தலையின் கணீர் மழுங்கிவிட்டது. இடப்பக்கத் தொப்பியோ முன்னைவிட வீங்கி 'கும் கும்' என்று அறையையே நிறைத்தது. அடுத்து எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்று. பேஸ் கிட்டார் இறங்கி ஏறி ஓடும்போது, ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் மற்றவற்றையெல்லாம் முழுங்கிக்கொண்டு நின்றது. எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே ஸ்வரம்.

அது ஏன் என்று அப்போது தெரியவில்லை. ஸ்பீக்கர் மீது சந்தேகப்பட்டேன். ரிச்சி தெருவுக்கு இரண்டு முறை போய் வந்து, ஆம்ப்ளிஃபையரையே மாற்றினேன். அந்தச் செலவை மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை.

காரணம் தெரிந்தபோது எரிச்சல்தான் வந்தது, அவ்வளவு சுலபமான விஷயம். ஃபோமோ, கல்லை உருக்கி இழைத்த நாரான ராக்வூலோ, இப்படி நுண்துளை உள்ள பொருள் எதுவானாலும், அதற்குள் காற்று முன்னும் பின்னும் அசையும்போது ஏற்படும் உராய்வில்தான் ஒலி குறைகிறது. காற்று அசையாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. சுவரை ஒட்டிக் காற்று அசையாது, சுவர் தடுத்துவிடும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும்போது வேகம், உச்சியில் ஒரு கணம் நிற்கும். அந்த உச்சியில் போய்த் துணியைப் பிடித்தால் ஊஞ்சல் நிற்குமா? காற்று அதிகம் அசைவது சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு முறை அதிரும் கனத்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர், அதில் கால் பங்கு 87 சென்டிமீட்டர். நான் ஒட்டியிருந்தது இரண்டரை சென்டிமீட்டர். சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மட்டும் அது ஆசை தீரத் தின்றது. கீழே உள்ளதைத் தொடவே இல்லை.

அந்த ஒற்றை ஸ்வரத்துக்கும் கணக்கு உண்டு. எதிரெதிர்ச் சுவர்கள் 10 அடி தள்ளி இருந்தால் 57 ஹெர்ட்ஸ் அருகே ஒலி அவற்றுக்கிடையே தேங்கி நிற்கும். என் அறையில் அகலமும் 10, உயரமும் 10. ஆக, தேக்கம் இரண்டு மடங்கு. பேஸ் கிட்டாரில் 'ஏ' தந்தியைச் சும்மா மீட்டினாலே 55 ஹெர்ட்ஸ். கிட்டார்காரர் அந்தத் தந்தியைத் தொட்டபோதெல்லாம் என் அறையும் சேர்ந்து பாடியிருக்கிறது.

கடையில் தரும் தாளில் என்.ஆர்.சி. என்று ஓர் எண் இருக்கும், சரக்கு ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்பதன் அளவு. 0.8, 0.9 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது 250, 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் என்ற நான்கு இடங்களில் எடுத்த அளவின் சராசரி. நம்மைப் படுத்தும் 57-க்கும் 100-க்கும் அதில் இடமே கிடையாது. ஹெர்ட்ஸ் வாரியாகப் பிரித்த அட்டவணை கேளுங்கள். குறைந்தது 125-க்கு என்ன என்று பாருங்கள். அட்டவணை இல்லை என்றால் அந்தச் சரக்கு அழகுக்கு மட்டும்.

பிரித்தெடுத்தது தனிக் கொடுமை. பசையோடு பட்டியும் பெயிண்டும் தட்டுத் தட்டாகக் கழன்று வந்தன. ஜன்னலோரம் வெயில் பட்ட ஃபோம் மஞ்சளாகி, விரல் வைத்தால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார் சுவருக்கு அம்மையா?" என்றார்.

இப்போது என் அறையில் இருப்பவை எட்டே பேனல்கள். ஒவ்வொன்றும் 2 அடிக்கு 4 அடி, 4 இன்ச் கனம். உள்ளே கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல், 2 இன்ச் ஸ்லாப் இரண்டை அடுக்கியது. சுற்றி ரீப்பர் சட்டம், மேலே துணி. மூலைகளுக்கு நான்கு, சுவர்களுக்கு நான்கு. சுவரில் இருப்பவற்றுக்குப் பின்னால் 2 இன்ச் இடைவெளி. அந்த வெற்று இடைவெளிக்குக் காசு கிடையாது, ஆனால் பேனல் தடித்த மாதிரியே வேலை செய்யும். சுவரில் பாதிக்கு மேல் வெறுமனேதான் கிடக்கிறது. வயலின் திரும்பி வந்துவிட்டது.

மூலையைக் காலியாக விடுவது

அறையின் தேக்கங்கள் எல்லாமே மூலைகளில் வந்து அழுத்தும். முதல் இரண்டு பேனலுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அவை மூலைக்குப் போகட்டும், மூலையைக் குறுக்காக அடைத்தபடி. கடையில் கிடைக்கும் சின்ன முக்கோண ஃபோம் கட்டைகள் இதற்கு உதவா.

நாற்காலியை நகர்த்திப் பார்க்காமல் பேனல் வாங்குவது

நான் பின்சுவரில் தலை சாய்த்துக் கேட்பேன். 57 ஹெர்ட்ஸின் அழுத்தம் உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். நாற்காலியை மூன்று அடி முன்னால் இழுத்ததில் பாதி வீக்கம் போய்விட்டது. செலவு ஒன்றுமில்லை. இதை முதலில் செய்திருந்தால் ஆம்ப்ளிஃபையர் பிழைத்திருக்கும். நேர் நடுவிலும் உட்காரக் கூடாது, அங்கே அதே ஸ்வரம் காணாமலே போய்விடும்.

கண்ணாடி இல்லாமல் இடம் குறிப்பது

நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். வீட்டில் ஒருவர் பக்கச் சுவரோடு ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைத் தட்டையாக வைத்து மெல்ல நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் ஒலி உங்கள் காதுக்குத் திரும்பும், அங்கேதான் பேனல். பக்கச் சுவர் இரண்டிலும், முடிந்தால் கூரையிலும். என் மனைவி பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "இதுக்கா முப்பதாயிரம்?" என்றாள்.

ஃப்ளெக்ஸில் படம் அச்சடித்துப் போர்த்துவது

பேனலுக்குப் போர்த்தும் துணியை வாயில் வைத்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் வராவிட்டால் ஒலியும் உள்ளே போகாது.

டபுள் டேப்பில் பேனல் ஒட்டுவது

விழும். ஏப்ரல் மாதம், நடுராத்திரியில் விழும்.

சட்டத்தோடு ஒரு பேனல் ஆறேழு கிலோ வரும். ரீப்பரை 45 டிகிரிச் சாய்வில் நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறு பாதியைப் பேனலின் முதுகிலும் அடித்தால் ஒன்றின் மேல் ஒன்று கொக்கி மாதிரி உட்காரும். ஆசாரியிடம் சொன்னால் அரை மணி நேர வேலை. சுவரில் துளை போட்டு, பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள். வெளிச்சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் துணியின் பின்பக்கம் பூஞ்சை பூக்கும்.

ராக்வூலை வெறும் கையால் தொடுவது

தொட்டேன். இரண்டு நாள் சொறிந்தேன். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை. துணிக்கு உள்ளே நெய்யாத துணியான நான்-வோவனை ஒரு சுற்று சுற்றினால் நார் வெளியே வராது.

தீ

சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் பற்றினால் நிமிஷங்களில் அறை முழுக்க நச்சுப்புகை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003-இல் ஒரு இசைக்கூடத்தில், மேடை வாணத்தின் பொறி சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தார்கள். பிரேசிலின் சாண்டா மரியாவில் 2013-இல் அதே கதை, 242 பேர். ஃபோம் சுவருக்கு நடுவில் ஏ.சி. ஒயரும் பிளக் பாயிண்டும் இருக்கும் படத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தத் தம்பியின் இரண்டாவது படத்தில் அதுதான் இருந்தது.

காதை மட்டும் நம்புவது

அளவெடுக்கும் மைக் ஒன்றும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும், எந்த ஸ்வரம் வீங்குகிறது என்று காட்டிவிடும். ஆம்ப்ளிஃபையர் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

இதையெல்லாம் அந்தத் தம்பிக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரிண்ணா, ஒட்டினதை எப்படி எடுக்கறது?" என்றார். ரம்பப் பல் உள்ள ரொட்டிக் கத்தியைச் சுவரோடு படுக்க வைத்து முதலில் ஃபோமை அறுத்து எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் பட்டி வந்துவிடும். மிச்சப் பசையை ஹேர் டிரையரில் சூடு காட்டி, பட்டி பிளேடால் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பிறகு மறுபடி பட்டி பார்க்க வேண்டும். ஒரு சுவருக்கு ஒரு நாள் ஆகும். ஏ.சி. இருக்கும் சுவரில் முதலில் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.