பர்வதமலை: முதல் முறை ஏறுகிறவர்களுக்கு

திருவண்ணாமலைக்கு அடிக்கடி போகிறவர்களிலேயே பலர், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் பர்வதமலையைப் பார்த்ததில்லை. உயரம் ஏறத்தாழ 4,500 அடி; உச்சியில் சிவன் கோயில். சங்ககாலக் குறுநில மன்னன் நன்னனின் நவிரமலை இதுதான் என்பார்கள். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்குச் சங்க நூலான மலைபடுகடாம் வழி சொல்கிறது, பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பிடித்து நடக்க வேண்டும் என்பதுவரை. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், கொஞ்சம் நானும் சொல்கிறேன்.

1. நாள்

பௌர்ணமி வேண்டாம். நான் முதலில் போனது பௌர்ணமி இரவில்தான். ஏறிய நேரத்தைவிட வரிசையில் நின்ற நேரம் அதிகம். மழை நாளும் கத்திரி வெயிலும் கூடாது. மார்கழி, தை மாதங்களில் ஒரு வார நாளில் போங்கள். ஏற அனுமதிக்கும் நேரத்தை அடிவாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. பாதை

இரண்டு அடிவார ஊர்களிலிருந்து இரண்டு வழிகள் உண்டு. தென்மகாதேவமங்கலம் வழியில் முதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பிறகு கரடுமுரடான பாறைப்பாதை. கடலாடி வழி காட்டுக்குள் போகிறது. அழகு அதிகம், ஆள் நடமாட்டம் குறைவு. உச்சிக்குக் கீழே இரண்டும் சேர்ந்துவிடும். புதியவர்கள் தென்மகாதேவமங்கலத்தில் ஏறி அங்கேயே இறங்குங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் ஆசையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

3. பை

முதுகில் மாட்டும் சிறிய பை போதும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், வேர்க்கடலை, வாழைப்பழம், டார்ச். கையில் எதையும் தொங்கவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கண்டால் குரங்குகள் விடாது.

4. கடப்பாறைப் படி

விடியும்போது புறப்பட்டால் மூன்று, நான்கு மணி நேரத்தில் உச்சியை எட்டலாம். கடைசியில்தான் சோதனை. செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அறைந்து, பிடித்து ஏறச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். இரண்டு கை, இரண்டு கால். இவற்றில் மூன்று எப்போதும் எதையாவது பற்றியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். முன்னால் போகிறவர் நகர்ந்த பிறகே அடுத்த கடப்பாறையில் கால் வையுங்கள். உயரம் தலைசுற்ற வைத்தால் இரும்பு ஏணிப்படி வழியாகப் போங்கள்; அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

5. உச்சியும் இறக்கமும்

மேலே மல்லிகார்ஜுனேசுவரர், பிரமராம்பிகை சன்னிதிகள். இங்கே பக்தர்களே தம் கையால் அபிஷேகம் செய்யலாம். அங்கேயே நெடுநேரம் உட்கார்ந்துவிடத் தோன்றும். ஆனால் வெயில் ஏறினால் பாறையும் சங்கிலியும் சுடும். அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

ஏறும்போது வலிப்பது மூச்சு, இறங்கும்போது முழங்கால். செங்குத்தான இடங்களில் பாறையைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குங்கள். படிகள் வந்ததும் ஓடத் தோன்றும், ஓடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை அந்தப் படிகளுக்கென்றே மிச்சம் வையுங்கள்.