எடை குறைப்பை இடையிலேயே கைவிட வைக்கும் தவறுகள்

எடையைக் குறைக்கத் தொடங்குவது பெரும்பாலோருக்குக் கடினமாக இருப்பதில்லை. இரத்தப் பரிசோதனை முடிவோ, மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சோ, உறவினர் வீட்டுத் திருமணப் புகைப்படமோ ஏதேனும் ஒன்று மனத்தைத் தைத்துவிட, மறுநாளே நடைப்பயிற்சிக்கான காலணி வாங்கி, இரவுச் சோற்றை நிறுத்தி, காபியில் சர்க்கரையைக் குறைத்துவிடுகிறார்கள். மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில்தான் சிக்கல் வருகிறது. நடை முதலில் ஒரு நாள் விட்டுப்போகிறது, பிறகு ஒரு வாரம் விட்டுப்போகிறது, அதன் பின் அந்தப் பேச்சே வீட்டில் எழுவதில்லை. "எனக்கு மன உறுதி போதாது" என்று தம்மீதே பழியைப் போட்டுக்கொண்டு விலகிவிடுகிறார்கள். அந்தப் பழி பெரும்பாலும் நியாயமற்றது என்பதே என் கருத்து. உடல் எப்படி எடையை இழக்கிறது, பழக்கம் எப்படிப் படிகிறது என்பதைக் கணக்கில் கொள்ளாமல் வகுத்த திட்டம்தான் அவர்களை நடுவழியில் கைவிடுகிறது.

முதல் வாரத்து எடையை நம்பி ஏமாறுவது

உணவைக் குறைத்த முதல் வாரத்தில் ஒன்றரை கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட இறங்கிவிடும். அதைக் கண்டு மாதத்துக்கு எட்டு கிலோ என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்தே தங்குகிறது. சோறும் இட்லியும் குறைந்தவுடன் உடல் முதலில் இந்தச் சேமிப்பில்தான் கை வைக்கிறது என்பதால், கூடவே நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் இறங்கிய எடையின் பெரும்பகுதி அந்த நீர்தான். அடுத்த வாரங்களில் கொழுப்பு கரையும்போது வாரத்துக்கு அரை கிலோ குறைவதே நல்ல முன்னேற்றம். ஆனால் முதல் வாரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டவருக்கு அந்த நல்ல முன்னேற்றமும் தோல்வியாகவே தெரியும்.

இதே நீர்தான் பிற்பாடும் மனத்தைக் குலைக்கிறது. ஞாயிறு மதியம் பிரியாணியும் அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலையில் எடை பார்க்கும் ஒருவருக்கு ஒன்றரை கிலோ கூடியிருப்பதாக இயந்திரம் காட்டலாம். ஒரு வார உழைப்பும் ஒரே வேளைச் சாப்பாட்டில் போய்விட்டதே என்று அவர் நொந்துபோகிறார். ஒரு கிலோ உடல் கொழுப்பில் தோராயமாக 7,700 கலோரி அடங்கியுள்ளது. ஒன்றரை கிலோ கொழுப்பு ஒரே நாளில் ஏற வேண்டுமென்றால், அன்றாடத் தேவைக்கு மேல் பதினோராயிரம் கலோரிக்கு மிகுதியாக உண்டிருக்க வேண்டும். எவ்வளவு தாராளமான விருந்திலும் அது நடக்காது. உப்பு பிடித்துவைத்த நீரும், கிளைகோஜனோடு திரும்பி வந்த நீரும், இன்னும் செரிமானப் பாதையில் இருக்கும் உணவுமே அந்த எண்ணில் தெரிகின்றன. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இதே போல ஒரு கிலோ அளவுக்கு எடை ஏறி, சில நாட்களில் தானாகவே இறங்குவது இயல்பு. எனவே தினமும் எடை பார்ப்பவர்கள் அன்றைய எண்ணைப் பொருட்படுத்தாமல் ஏழு நாள் சராசரியை எழுதிவைத்து, அதை முந்தைய வாரத்துச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். நாள்தோறும் பார்ப்பது மனத்தை அலைக்கழித்தால் வாரம் ஒருமுறை, அதே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எடை இயந்திரம் சொல்வது முழுக்கதை அல்ல. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. மூன்று ஆண்டுக் காலத்தில், வழக்கமான வாழ்க்கையையே தொடர்ந்தவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் சீர்படுத்திக்கொண்டவர்களில் அது ஏறத்தாழ 39 விழுக்காடாகக் குறைந்தது. இத்தனைக்கும் இந்த இரண்டாவது பிரிவினருக்கு எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எண் அசையவில்லை என்பதற்காக நடையை நிறுத்துபவர், தமக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கும் நன்மையை அறியாமல் கைவிடுகிறார். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை டேப் வைத்து அளந்துகொள்வது நல்லது. இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வரம்பை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். எடை நின்றுபோன வாரங்களிலும் இடுப்பளவு இறங்குவதைப் பலர் காண்கிறார்கள்.

ஒரு வேளை தவறியதை முழுத் தோல்வியாகக் கருதுவது

மிகுதியான பேரைக் கவிழ்ப்பது இந்தத் தவறுதான். காலையில் பிறந்தநாள் கேக் ஒரு துண்டு சாப்பிட நேர்கிறது. "இன்றைக்குத்தான் கெட்டுப்போயிற்றே" என்று மதியம் முழுச் சாப்பாடு, மாலையில் பஜ்ஜி, இரவில் பரோட்டா என்று அந்த நாள் முழுவதும் கைமீறுகிறது. வெள்ளிக்கிழமை இப்படி நடந்தால் "திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்ற முடிவு வரும். தீபாவளிக்கு முன்பு நடந்தால், பொங்கல் வரைக்கும் தள்ளிப்போகும். டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஜேனட் பொலிவியும் பீட்டர் ஹெர்மனும் 1970-களிலிருந்தே இந்த மனநிலையை ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டோடு உண்பவர்கள், தங்கள் விதி உடைந்துவிட்டது என்று நம்பிய பிறகு, கட்டுப்பாடே இல்லாதவர்களைவிட மிகுதியாக உண்ணும் போக்கு அந்த ஆய்வுகளில் தென்பட்டது. அந்த ஒரு துண்டு கேக்கில் இருந்தது முந்நூறு கலோரி என்றால், அதைத் தொடர்ந்து வந்த மனமுறிவு கொண்டுவந்தது ஈராயிரம் கலோரி.

ஆகவே திட்டத்தைத் தொடங்கும்போதே, தவறப்போகும் நாட்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டு நாட்காட்டியில் திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா, நோன்புக் கஞ்சி, கிறிஸ்துமஸ் கேக் என்று ஏதேனும் ஒன்று வராத மாதம் இல்லை. இவை எதுவுமே வராது என்று எண்ணி வகுத்த உணவுப் பட்டியல் முதல் முகூர்த்த நாளிலேயே உடைந்துவிடும். பந்தியில் உட்கார்ந்தால் விரும்பியதை நிதானமாகச் சாப்பிடுங்கள். அடுத்த வேளையில் வழக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள். திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதேபோல, விருந்துக்குப் பரிகாரமாக மறுநாள் பட்டினி கிடப்பதும் வேண்டாம். பட்டினி கிடந்த அன்று மாலை வரும் அகோரப் பசி அடுத்த சறுக்கலுக்கு வழிவிடும்.

ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கமே அறுந்துவிடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செயல் தன்னிச்சையான பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆவதாகக் கண்டது. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்பது அவர்களின் கணிப்பு. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. இருபத்தொரு நாளில் எல்லாம் பழகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பியவர், இருபத்திரண்டாம் நாளும் காலையில் எழுந்திருக்கக் கடினமாக இருப்பதைக் கண்டு தம்மிடம்தான் குறை என்று முடிவு கட்டிவிடுகிறார். இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும் என்பதை முன்பே அறிந்தவருக்கு அந்த நாள் சாதாரண நாளாகவே கழியும்.

உற்சாகம் வரும் என்று காத்திருப்பது

உற்சாகம் நாளுக்கு நாள் மாறும். அதை நம்பி நடைப்பயிற்சியை வைத்தால், அது இல்லாத நாளில் நடையும் இருக்காது. "தினமும் நடக்க வேண்டும்" என்று தீர்மானிப்பதைவிட, "காலையில் பால் வாங்கி வைத்தவுடன், பக்கத்துப் பூங்காவில் அரை மணி நேரம் நடப்பேன், மழை பெய்தால் மொட்டை மாடிப் படியில் பத்து நிமிடம் ஏறி இறங்குவேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பது வலுவானது. இப்படி நேரம், இடம், தடை வந்தால் செய்ய வேண்டியது ஆகிய மூன்றையும் இணைத்துத் திட்டமிடுபவர்கள், வெறும் விருப்பத்தோடு நின்றுவிடுபவர்களைவிட மிகுதியாக அதைச் செயல்படுத்துகிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊர்களில் மழை நாளுக்கான ஏற்பாடு இல்லாத நடைப்பயிற்சி நவம்பரைத் தாண்டுவது அரிது.

தொடக்கத்தில் அளவை மிகச் சிறியதாக வைத்துக்கொள்வதும் இதைச் சார்ந்ததே. நடந்து பழக்கமில்லாதவர் முதல் நாளே ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டு, முழங்கால் வலியோடு மூன்று நாள் படுத்துவிடுகிறார். பதினைந்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டியிருந்தால், அவர் இரண்டு மாதத்தில் முக்கால் மணி நேரத்தைத் தொட்டிருப்பார்.

குறைத்து உண்பதாக எண்ணிக்கொண்டிருப்பது

"எவ்வளவு முயன்றும் குறையவில்லை" என்ற ஏமாற்றத்துக்குப் பின்னால், கணக்கில் வராத உணவு பெரும்பாலும் இருக்கும். 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், உணவைக் கட்டுப்படுத்தியும் எடை குறையவில்லை என்று உறுதியாகச் சொன்னவர்கள், தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், செய்த உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் கூறியிருந்தது தெரியவந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனிதக் கணிப்பு அப்படித்தான் இருக்கிறது.

நம் வீடுகளில் இது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்று தோசை என்று எண்ணுகிறோமே தவிர, ஒவ்வொன்றையும் சுற்றி ஊற்றிய எண்ணெயை எண்ணுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. பிள்ளை தட்டில் விட்டுப்போன பாதித் தோசையும் இரண்டு வாய்ச் சோறும் வீணாகக் கூடாதென்று அம்மாவின் வாய்க்குப் போகின்றன. அடுப்படியில் நின்றபடி உண்ணும் அந்த உணவு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி செலவாகும். நடை முடிந்ததும் நண்பர்களோடு கடையில் சாப்பிடும் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதைத் தாண்டிவிடும். இரண்டு வாரத்துக்கு மட்டும், வாயில் போடும் ஒவ்வொன்றையும் சாப்பிட்ட உடனே ஒரு சிறு நோட்டில் எழுதிப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் எழுத வேண்டியதில்லை. எந்த இடத்தில் கசிகிறது என்று தெரிந்துவிட்டால், சோற்றைப் பாதியாக வெட்டாமலே குறைக்க வழி கிடைக்கும்.

கடுமையை உறுதி என்று எண்ணுவது

ஒரு வேளைக்கு ஒரு வெள்ளரிக்காய் என்ற பாணியிலான உணவுமுறைகளை மனத் திண்மையின் அடையாளமாகப் பலர் கொள்கிறார்கள். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், உடல்நலமும் மன உறுதியும் மிக்கவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. நாள் முழுவதும் உணவைப் பற்றியே எண்ணமும் பேச்சும் ஓடின. சமையல் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. அவர்களையே பசி அப்படி ஆட்டிப்படைத்தது என்றால், வேலைக்கும் போய், வீட்டையும் கவனித்துக்கொண்டு பட்டினி கிடப்பவரிடம் அதைவிட மிகுதியான தாக்குப்பிடிப்பை எதிர்பார்க்க முடியாது. மிகக் குறைவாக உண்ணும்போது தசையும் கரைகிறது என்பது இன்னொரு இழப்பு. தட்டில் சோற்றின் அளவைச் சற்றே குறைத்து, அந்த இடத்தைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர், பொரியல் ஆகியவற்றால் நிரப்பினால் பசி அடங்கும். வீட்டில் தனிச் சமையலும் தேவைப்படாது. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு விடியற்காலையில் ஓடுவதும் இந்தத் தவறின் மறுபக்கமே. தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறது, குறையும் எடையில் தசையின் பங்கும் கூடுகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் அளவை மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

இலக்கை எட்டியதும் நிறுத்திவிடுவது

85 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு வந்தவரின் உடலுக்கு முன்பைவிட ஒரு நாளுக்கு 200 கலோரி அளவுக்குக் குறைவாகவே தேவைப்படலாம். சுமக்கும் எடை குறைந்துவிட்டதே இதற்கு முக்கியக் காரணம். இடையில் எடை நின்றுபோவதற்கும், பழைய அளவுக்குத் திரும்பியவுடன் ஏறுவதற்கும் இதுவே பெரும்பாலும் அடிப்படை. மெல்போர்னில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைந்து ஓராண்டு ஆன பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று தெரிந்தது. ஆகவே இலக்கை எட்டியவருக்குப் பசி மிகுவதை ஆசை மிகுவதாக எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1994 முதல், குறைந்தது 13.6 கிலோ குறைத்து அதை ஓராண்டுக்கு மேல் காத்தவர்களைப் பதிவு செய்து கவனித்து வருகிறார்கள். அவர்களுள் பலர் இலக்கை எட்டிய பிறகும் நாள்தோறும் ஒரு மணி நேரம் வரை உடலுழைப்பைத் தொடர்கிறார்கள், வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். நம் வீட்டிலும் இதைப் பின்பற்றலாம். எட்டிய எடைக்கு மேல் இரண்டு கிலோ என்று ஒரு கோட்டை வகுத்துக்கொண்டு, வாரச் சராசரி அதைத் தாண்டினால் அந்த வாரமே நோட்டை மீண்டும் எடுத்து, எண்ணெயிலிருந்தும் மாலைத் தின்பண்டத்திலிருந்தும் கணக்கைத் தொடங்குங்கள். இரண்டு கிலோவைச் சரிசெய்ய ஒரு மாதம் போதும். பத்து கிலோ ஏறும் வரை பார்க்காமல் இருந்துவிட்டால் அதற்கு ஐந்து மாதமாவது ஆகும்.