டிக்கியை நிரப்பும் முன் டயரைப் பாருங்கள்

கோடையில் குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் கிளம்பும் முன் முதல் வேலை டயர்தான். வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகே காற்றழுத்தம் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் வம்பு. சரியான அளவு, பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். முழுச் சுமைக்குத் தனி அளவு இருந்தால் அந்த அளவுக்கே அடியுங்கள். காற்று குறைந்த டயரின் பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், வெயிலில் வெடிக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள், யாரும் கண்டுகொள்ளாத டயர் அதுதான்!

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவை, எஞ்சின் ஆறிய பிறகே பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

கனமான பெட்டிகள் டிக்கியின் அடியில், பின் சீட்டை ஒட்டி. சீட் உயரத்துக்கு மேல் அடுக்கினால் பின்னால் வரும் வண்டி தெரியாது. திடீர் பிரேக்கில் மேலே இருப்பது பிள்ளைகள் தலையில் விழும். ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்து ஓரமாக வையுங்கள். இல்லாவிட்டால் பஞ்சரானதும் மூட்டை முடிச்சையெல்லாம் ரோட்டில் இறக்க வேண்டிவரும்.

மாத்திரை, ஈரத்துணி, வாந்திக்கு ஜிப் கவர், பிள்ளைகளுக்கு ஒரு செட் மாற்றுடை, இவை கைக்கெட்டும் சிறு பையில். மாத்திரையையும் பவர் பேங்கையும் டாஷ்போர்டில் விடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முந்தின இரவே பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரில் படுக்கவைத்து உறையவிடுங்கள். கிளம்பும்போது மீதியை நிரப்பினால் வெகுநேரம் ஜில்லென்று இருக்கும்.